சீன ஆர்க்கெஸ்ட்ராவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

யூடியூபில் எதையோ தேடும்போது சீன ஆர்க்கெஸ்ட்ரா வீடியோ ஒன்று குறுக்கே வரும். மேடை நிறைய ஆட்கள், நடுவில் கோல் பிடித்த நடத்துநர், வயலின் இருக்கவேண்டிய இடத்தில் தொடைமேல் நிமிர்ந்து நிற்கும் இரட்டைத் தந்தி வாத்தியங்கள். இரண்டு நிமிடம் பிரமாதமாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஏதோ சரித்திரப் படத்தின் பின்னணி இசை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம்.

தொடங்கிய இடம் சரியில்லை, அவ்வளவுதான். இந்த இசையை எண்பது பேரிலிருந்து கேட்க ஆரம்பித்தால் பிடிபடாது. ஒரே ஒரு வாத்தியத்தில் தொடங்கி, நாலைந்து பேர் கூட்டத்துக்குப் போய், கடைசியில் பெரிய மேடைக்கு வரவேண்டும். அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரை போகிறது. மேற்கத்திய சங்கீதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் ஸ்வர ஞானம் இருந்தால் கூடுதல் வசதி.

முதலில் கொஞ்சம் வரலாறு

சீன வாத்தியங்கள் மிகப் பழையவை. ஹெனான் மாகாணத்தின் ஜியாஹுவில் கொக்கு எலும்பில் துளையிட்டுச் செய்த புல்லாங்குழல்கள் கிடைத்திருக்கின்றன; வயது சுமார் 8,000 ஆண்டுகள். 1978-இல் ஹுபெய் மாகாணத்தில் ஸெங் நாட்டுச் சிற்றரசர் யீயின் கல்லறையைத் தோண்டியபோது 65 வெண்கல மணிகள் வரிசையாகத் தொங்கியபடியே கிடைத்தன. கி.மு. 433 வாக்கில் புதைக்கப்பட்டவை. ஒவ்வொரு மணியும் நடுவில் அடித்தால் ஒரு ஸ்வரம், பக்கவாட்டில் அடித்தால் வேறு ஸ்வரம் கொடுக்கும்.

ஆனால் இன்று மேடையில் பார்க்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வயது நூறுதான். 1920-இல் ஷாங்காயில் தாத்தோங் இசைச் சங்கம் தொடங்கியது. பழைய வாத்தியங்களைச் சேகரித்து, செப்பனிட்டு, பலர் சேர்ந்து வாசிக்கும்படி பாடல்களை மாற்றியமைத்தார்கள். அதே காலத்தில் பெய்ஜிங்கில் லியூ தியன்ஹுவா என்பவர் எர்ஹு என்னும் இரட்டைத் தந்தி வில் வாத்தியத்தைக் கையில் எடுத்தார். அதுவரை தெருப் பாடகர்களும் நாடகக் கொட்டகைகளும் வைத்திருந்த வாத்தியம் அது. அவர் வயலினும் கற்றவர். அதிலிருந்து விரல் நுட்பங்களை எடுத்து எர்ஹுவில் போட்டு, 10 தனி உருப்படிகளும் 47 பயிற்சிகளும் எழுதினார். 1932-இல் 37 வயதில் இறந்துபோனார். இன்று எர்ஹு கற்கும் எந்தப் பிள்ளையும் அவர் எழுதியதை வாசிக்காமல் மேலே போக முடியாது.

1949-க்குப் பிறகு அரசே இசைக்குழுக்களை அமைத்தது. ஷாங்காயில் 1952, பெய்ஜிங் வானொலியில் 1953, மத்திய தேசிய இசைக்குழு 1960. பெய்ஜிங் வானொலிக் குழுவை நடத்திய பெங் சியூவென் (1931–1996) போட்டுக்கொடுத்த அமைப்பைத்தான், சிறு மாற்றங்களுடன், இன்றும் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். பிறகு ஹாங்காங்கில் 1977, தைப்பேயில் 1979, சிங்கப்பூரில் 1996.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சீனாவில் இதை மின்யுவே என்பார்கள், தைவானில் குவோயுவே, ஹாங்காங்கில் ஜொங்யுவே, சிங்கப்பூர், மலேசியாவில் ஹுவாயுவே. எல்லாம் ஒரே வகை ஆர்க்கெஸ்ட்ராதான். ஒரு பெயரில் கிடைக்காத பதிவு இன்னொரு பெயரில் கிடைக்கும்.

முதல் படி: ஒரு எர்ஹு, ஒரு பாட்டு

எர்ஹுவுக்கு இரண்டே தந்தி. தாழ்ந்தது நம் ச என்று வைத்துக்கொண்டால் உயர்ந்தது ப. வில்லின் மயிர் அந்த இரண்டு தந்திகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே எடுக்க முடியாது. விரல் அழுத்தப் பலகையே கிடையாது. வீணையில் விரல் அழுத்தும் மெட்டுக் கட்டை இருக்கிறது, வயலினில் பலகையாவது இருக்கிறது. இங்கே தந்தி காற்றில் தொங்குகிறது. விரல் அதைத் தொடும் இடமும் அழுத்தும் பலமும் சேர்ந்துதான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கும். அதனால்தான் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எர்ஹு வழுக்கிக்கொண்டு போகிறது. ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடித்துவிடும். கீழே இருக்கும் சின்ன மரக் குடத்தின் வாயில் மலைப்பாம்புத் தோல் கட்டியிருக்கும். மூக்கடைத்த மாதிரி, ஆள் பாடுவது மாதிரி ஒலிக்கும் அந்தக் குரல் அங்கிருந்து வருகிறது.

தொடங்க ஒரே பாட்டு: 'எர்ச்சுவான் யிங்யுவே'. ஊஷி நகரத்தின் ஊற்று ஒன்றில் நிலவு தெரிவதைச் சொல்லும் தலைப்பு. இதை வாசித்தவர் அபிங் (1893–1950) என்ற பார்வையற்ற தெருக் கலைஞர். 1950-இல் யாங் யின்லியூ, சாவ் ஆன்ஹே என்ற இரு இசை ஆய்வாளர்கள் கம்பிச் சுருளில் பதியும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊஷிக்குப் போய், அவரை மூன்று எர்ஹு உருப்படிகளும் பிபா என்ற மீட்டும் வாத்தியத்தில் மூன்று உருப்படிகளும் வாசிக்கச் சொல்லிப் பதிந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் வாசித்ததாக நமக்கு மிச்சம் இருப்பது அந்த ஆறுதான்.

ஒலி சுமாராக இருந்தாலும் முதலில் அபிங்கின் பதிவையே கேளுங்கள். பிறகு எர்ஹு கலைஞர் மின் ஹுய்ஃபென் வாசித்ததைக் கேளுங்கள். மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் ஏறி, கடைசியில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதற்கு அப்புறம் இதையே மேற்கத்திய நரம்பிசைக் குழு வாசிக்கும் வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். 1978-இல் ஜப்பானிய நடத்துநர் செய்ஜி ஒசாவா பெய்ஜிங்கில் அந்தப் பெரிய வடிவத்தைத்தான் நடத்தினார். மறுநாள் இசைக் கல்லூரியில் ஜியாங் ஜியன்ஹுவா என்ற இளம் மாணவி அதைத் தனி எர்ஹுவில் வாசிக்கக் கேட்டார். கண் கலங்கி, இதையெல்லாம் மண்டியிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னாராம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர் எதைச் சொன்னார் என்று விளங்கும். ஐம்பது வயலின் ஒன்றாக வழுவழுவென்று வாசிக்கும்போது, அந்த ஒற்றைத் தந்தியின் கரகரப்பு காணாமல் போய்விடுகிறது.

இந்தக் கரகரப்பை நினைவில் வையுங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்கும்போது இதுதான் துணைக்கு வரும்.

சோகம் போதும் என்றால் 'சாய் மா' (குதிரைப் பந்தயம்) கேளுங்கள். இரண்டரை நிமிடம்கூட வராது. நடுவில் வில்லை ஓட்டிக்கொண்டே விரலால் தந்தியைச் சுண்டும் ஒரு பகுதி வரும். மேடையில் பார்த்தால் கைதட்டல் அங்கேதான் விழும்.

இரண்டாம் படி: மற்ற குரல்களை ஒவ்வொன்றாக

ஒரு நாளைக்கு ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். அவசரமில்லை.

பிபா: பேரிக்காய் வடிவ உடல், நான்கு தந்தி, மடியில் நிமிர்த்தி வைத்து மீட்டுவது. மத்திய ஆசியாவிலிருந்து சீனாவுக்குள் வந்தது. தாங் அரச காலத்தில் படுக்கையாகப் பிடித்து, பெரிய கட்டையால் மீட்டினார்கள். பிறகு நிமிர்ந்தது, கட்டை போய் நகம் வந்தது. இன்று ஐந்து விரல்களிலும் செயற்கை நகத்தை டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். ஐந்து நகமும் ஒன்றன்பின் ஒன்றாக உருளும்போது அறுபடாத நீண்ட ஒலி வரும். இடது கை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைக்கும், வீணையில் செய்வது போலவே. கேட்கவேண்டியது 'ஷிமியன் மைஃபு': பத்துத் திசையிலும் பதுங்கிய படை. கி.மு. 202-இல் லியூ பாங்கின் படை சியாங் யூவைச் சுற்றி வளைத்த கதை. முரசு, குதிரை, வாள் உரசல், கூச்சல் எல்லாவற்றையும் நான்கு தந்தியில் கொண்டுவருகிறார்கள். இரண்டு தந்திகளை ஒன்றின்மேல் ஒன்று முறுக்கி மீட்டும் இடத்தில் சத்தம் சங்கீதத்தின் எல்லையைத் தாண்டிவிடும். ஒருமுறை வீடியோவாகப் பார்த்துவிடுங்கள்.

டீஸி: மூங்கில் குழல். நம் புல்லாங்குழல் மாதிரிதான், ஆனால் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு துளை. அதன்மேல் நாணல் தண்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள். பூண்டுச் சாறு போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. ஊதும்போது சவ்வு அதிர்ந்து ஒலிக்கு ஒரு சலசலப்பைக் கொடுக்கும். தெற்கே நீளமான சூடி, வடக்கே குட்டையான, கூர்மையான பாங்டி. 'குசூ சிங்' கேட்டால் தெற்கு, 'வூ பாங்ஸி' கேட்டால் வடக்கு. இரண்டும் ஒரே வாத்தியமா என்று சந்தேகம் வரும்.

ஷெங்: வாயில் வைக்கும் மூங்கில் குழாய்க் கொத்து. உள்ளே உலோக ரீட். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை இழுத்தாலும் ஒலிக்கும். பல ஸ்வரம் சேர்த்தும் ஒலிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே ஹார்மோனியம், மவுத் ஆர்கன் வகையறா பிறந்ததில் இதற்குப் பங்கு உண்டு என்பார்கள். அப்படியென்றால் நம் வீட்டுச் சுருதிப் பெட்டிக்கும் தூரத்துப் பாட்டன்.

சுவோனா: இதைத் தமிழர்களுக்கு அதிகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூம்பு வடிவ மர உடல், நாணல் சீவாளி, முனையில் உலோக அணசு. பாரசீகத்து சுர்னா வழியில் வந்தது. ஷெனாய்க்கு நெருங்கிய உறவு, நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வட சீனக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் இதுதான், சாவுக்கும் இதுதான். 'பாய்நியாவ் சாவ்ஃபெங்' (நூறு பறவைகள் ஃபீனிக்ஸை வணங்குதல்) கேளுங்கள். குயில், கோழி, சிள்வண்டு எல்லாம் வரும். மூச்சு விடாமல் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே போகும் இடத்தில், நம் ஊர்க் கோயில் வாசலில் நின்று கேட்டவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

யாங்ச்சின், ருவான், லியூச்சின், சன்சியன் போன்றவற்றைத் தனியாகக் கேட்காவிட்டாலும் இப்போதைக்குப் பரவாயில்லை. யாங்ச்சின் என்பது சந்தூரின் உறவு; மூங்கில் குச்சியால் தட்டுவது. மிங் அரசின் கடைசிக் காலத்தில் கடல் வழியாக வந்தது. மற்ற மூன்றும் மீட்டும் வாத்தியங்கள். ருவான் வட்ட முகத்தோடு, அடக்கமான குரலோடு இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பிபா மேற்கிலிருந்து வந்தது, சுவோனா பாரசீகத்திலிருந்து, யாங்ச்சின் கடல் தாண்டி, எர்ஹுவின் மூதாதைகள் வடக்கத்திப் புல்வெளி மக்களிடமிருந்து. 'பாரம்பரிய வாத்தியம்' என்ற பட்டியலில் பாதி ஒரு காலத்தில் வெளியூர்ச் சரக்கு. சீன ஆர்க்கெஸ்ட்ராவில் மேற்கத்திய வாத்தியமான செல்லோ என்ன செய்கிறது என்று யாராவது கோபித்துக்கொண்டால் இதைச் சொல்லலாம்.

மூன்றாம் படி: ஸ்வரங்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான்

சீன மெட்டுகளில் பெரும்பாலானவை ஐந்து ஸ்வரத்தில் நடக்கும். ச ரி க ப த. சரி, இது மோகனம்தானே என்றால், ஸ்வரக் கணக்கில் அதேதான். அவர்கள் இதை கொங் என்பார்கள். அதே ஐந்து ஸ்வரத்தில் ஆதாரத்தை மாற்றினால் கிடைக்கும் மற்ற நான்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: ரிஷபத்தை ஆதாரமாக்கினால் ஷாங், காந்தாரத்தை ஆக்கினால் ஜ்யுவே, பஞ்சமத்தை ஆக்கினால் ஜி, தைவதத்தை ஆக்கினால் யூ. நம் கிரக பேதக் கணக்கில் இவை வரிசையாக மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'சீனர்கள் மோகனம் பாடுகிறார்கள்' என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிட வேண்டாம். ஸ்வரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் வேறு, நிற்கும் இடம் வேறு. நடுவில் ம, நி இரண்டும் விருந்தாளியாக வந்து போகும். ஒரு மெட்டில் பாதி வழியில் ஆதார ஸ்வரம் நகர்ந்துவிடுவதும் உண்டு. நமக்கு அது முதலில் திடுக்கென்று இருக்கும். எந்த ஸ்வரத்தில் வாக்கியம் முடிகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தால் போதும், எந்த வகை என்று பிடித்துவிடலாம்.

நான்காம் படி: நாலைந்து பேர்

என் கணக்கில் இந்த வழியில் மிக முக்கியமான படி இதுதான். பலர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

ஷாங்காயும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த ஜியாங்னான் பகுதியில், தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு மரபு உண்டு. 'சிஜு' என்பார்கள்: பட்டும் மூங்கிலும். பட்டு என்றால் தந்தி வாத்தியங்கள், ஏனென்றால் தந்திகள் முன்பு பட்டில்தான் முறுக்கப்பட்டன. மூங்கில் என்றால் குழல்கள். ஷாங்காய் யூ தோட்டத்தின் குளத்து நடுவில் இருக்கும் ஹுசின்திங் தேநீர்க் கடை இதற்குப் பெயர்போனது. மேடை கிடையாது, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாசிப்பார்கள். நடத்துநரும் கிடையாது.

'சிங்ஜியே' அல்லது 'ஹுவான்லகெ' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வாசிப்பது ஒரே மெட்டு. ஆனால் யாரும் இன்னொருவர் வாசிப்பது மாதிரி வாசிப்பதில்லை. டீஸி ஒரு ஸ்வரத்தில் நின்று அலங்காரம் போடும்போது பிபா அதே இடத்தை நாலு ஸ்வரமாக உடைக்கும். எர்ஹு வழுக்கிக்கொண்டு தாமதமாக வந்து சேரும். யாங்ச்சின் மேலும் கீழும் இரண்டு ஸ்தாயியில் தட்டும். நீ அடர்த்தியாக வாசித்தால் நான் எளிமையாக வாசிக்கிறேன், நான் அடர்த்தியாகப் போனால் நீ ஒதுங்கிக்கொள் என்பதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். வாக்கியம் முடியும் இடத்தில் எல்லாரும் ஒரே ஸ்வரத்தில் சந்தித்துக்கொள்வார்கள்; பிறகு பிரிந்து போவார்கள்.

ஒரே பதிவை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை டீஸியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், இரண்டாம் முறை எர்ஹு, மூன்றாம் முறை பிபா. நான்காம் முறை ஒன்றையும் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அப்போது எல்லாம் ஒன்றாகவும் கேட்கும், தனித்தனியாகவும் கேட்கும்.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் வாத்தியங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய நிறம் தரும்படி பல நூற்றாண்டுகளாகச் செதுக்கப்பட்டவை. சீன வாத்தியங்கள் அப்படிக் கலக்க மறுக்கும். ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கையைத் தூக்கும். டீஸியின் சவ்வு, எர்ஹுவின் தோல், பிபாவின் நகம், சுவோனாவின் சீவாளி எல்லாமே தனியாகத் தெரிவதற்கென்றே செய்தவை. இதை ஒரு குறையாக எழுதியவர்கள் நிறைய. எனக்கு அதுதான் இந்த இசையின் ருசி. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்கும்போதும் இப்படித்தான், மொத்தமாக வாங்கிக்கொள்ளாமல் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஐந்தாம் படி: பெரிய மேடை

இப்போது அந்த எண்பது பேருக்கு வரலாம். நான்கு பிரிவு: வில்லால் இழுப்பது, மீட்டுவது, ஊதுவது, அடிப்பது. உட்காரும் முறை குழுவுக்குக் குழு மாறும். பொதுவான படம் இது. நடத்துநருக்கு இடப்பக்கம் காவ்ஹுவும் எர்ஹுவும். காவ்ஹு என்பது எர்ஹுவின் உயர்ந்த குரல். 1920-களில் குவாங்தோங்கைச் சேர்ந்த லூ வென்செங் எர்ஹுவில் எஃகுத் தந்தி போட்டு, குடத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி வாசித்து உருவாக்கியது. தாழ்ந்த குரலுக்கு ஜொங்ஹு. வலப்பக்கம் செல்லோ, டபுள் பேஸ். நடுவில், நடத்துநரின் மூக்குக்கு நேராக, மீட்டும் பிரிவு: யாங்ச்சின், லியூச்சின், பிபா, ருவான். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் இப்படி ஒரு பிரிவே கிடையாது. அதனால் சீன ஆர்க்கெஸ்ட்ராவின் அடையாளம் என்ன என்று கேட்டால் பலரும் எர்ஹுவைச் சொல்வார்கள், நான் இந்த நடு வரிசையைக் காட்டுவேன். இருபது பேர் ஒரே நேரத்தில் மீட்டும்போது எழும் அந்தத் தூறல் ஒலி வேறு எங்கும் கிடைக்காது. அவர்களுக்குப் பின்னால் டீஸி, ஷெங், சுவோனா, குவான் (சீவாளி வைத்த குழல்). கடைசி வரிசையில் முரசுகளும் மணிகளும்.

வாசிப்பதற்கு முன் எல்லாரும் சுருதி சேர்ப்பது பெரும்பாலும் ஷெங் கொடுக்கும் ஸ்வரத்துக்கு.

செல்லோ எப்படி உள்ளே வந்தது? சீன மரபு வாத்தியங்களில் கனத்த அடிக்குரல் கொண்டவை குறைவு. மேற்கத்திய முறையில் அடுக்கடுக்காக இசை எழுத ஆரம்பித்ததும் கீழே ஒன்றுமில்லாமல் காலியாகத் தெரிந்தது. 1950-களில் யாங் யூசென் என்பவர் கெஹு என்று நான்கு தந்தியோடு, தோல் போர்த்திய பெரிய வாத்தியம் ஒன்றைச் செய்தார். தோல் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், வாசிப்பதும் சிரமம். பல குழுக்கள் செல்லோவுக்கே போய்விட்டன. ஹாங்காங் குழு விடவில்லை. பாம்புத் தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் சவ்வு போட்ட ஹுச்சின் குடும்பம் (எர்ஹு வகை வில் வாத்தியங்கள்) முழுவதையும் தாங்களே உருவாக்கி, கெஹு வரைக்கும் மேடையில் பயன்படுத்துகிறார்கள். செல்லோ வைத்திருக்கும் குழு ஒன்றின் பதிவையும் ஹாங்காங் குழுவின் பதிவையும் ஒப்பிட்டுக் கேட்டால் அடிக்குரலில் வித்தியாசம் தெரியும்.

இந்த நவீனமயத்துக்கு ஒரு விலையும் உண்டு. பழைய டீஸியில் துளைகள் சம இடைவெளியில் இருந்தன, பழைய பிபாவில் மெட்டுக் கட்டைகள் குறைவு. சில ஸ்வரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். எல்லாரும் சேர்ந்து வாசிக்கவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பியானோவின் சம அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டுத் தந்தி போய் எஃகும் நைலானும் வந்தன. ஒலி பெரிதானது, ஊர் மணம் கொஞ்சம் போனது. நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்து, அதற்கு ஹாலிவுட் பாணியில் மெத்தை போட்டுக் கொடுக்கும் உருப்படிகள் ஏராளம். அவற்றை நான் பாதியில் நிறுத்திவிடுவேன். நீங்களும் குற்ற உணர்ச்சி இல்லாமல் நிறுத்தலாம்.

நல்லவற்றில் முதலில் 'சுன்ஜியாங் ஹுவாயுவே யே'. வசந்த கால ஆறு, பூ, நிலவு, இரவு. இது முதலில் தனி பிபா உருப்படி. 1925 வாக்கில் தாத்தோங் சங்கத்தின் லியூ யாவ்ஜாங் அதைக் குழுவுக்கு மாற்றினார்; பிறகு பலர் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தார்கள். பிபா ஒரே ஸ்வரத்தை மெதுவாகத் தொடங்கி வேகமாக்கி, தூரத்து முரசு போல ஆரம்பிக்கும். ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு விதமாகத் தொடங்கி, ஒரே வாக்கியத்தில் வந்து முடியும். பல்லவிக்குத் திரும்பும் சுகம் தெரிந்தவர்களுக்கு இதுதான் பிடிமானம்: அந்த முடிவு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, அது ஒவ்வொரு முறையும் எந்த வாத்தியத்தின் கைக்குப் போகிறது என்று பாருங்கள். தனி பிபா, சிறு குழு, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்று மூன்று வடிவத்தையும் ஒரே மாலையில் கேட்க முடிந்தால், நூறு ஆண்டு வரலாறும் காதுக்கு வந்துவிடும்.

அடுத்து 'யாவ் மக்களின் நடனம்'. முதலில் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதப்பட்டதைப் பெங் சியூவென் சீன வாத்தியங்களுக்கு மாற்றினார். பலருக்கு மாற்றிய வடிவம்தான் பிடித்தது, எனக்கும். மெதுவாக, அடக்கமாகத் தொடங்கி வேகம் எடுக்கும்; நடுவில் தாளம் மூன்றெண்ணிக்கைக்கு மாறும். பள்ளி ஆர்க்கெஸ்ட்ராக்களின் செல்லப் பிள்ளை இது.

பிறகு லியூ வென்ஜின் 1982-இல் முடித்த 'சாங்செங் சுய்சியாங்', சீனப் பெருஞ்சுவரைப் பற்றிய எர்ஹு கன்செர்ட்டோ. முதலில் வாசித்தவர் மின் ஹுய்ஃபென். நான்கு பகுதி, அரை மணி நேரத்துக்குக் கிட்ட. ஒரே எர்ஹு, எதிரே முழு ஆர்க்கெஸ்ட்ரா. முதல் படியில் நினைவில் வைக்கச் சொன்ன கரகரப்பு இங்கே எண்பது பேரைத் தாண்டிக் கேட்கும்.

தாள வாத்தியங்களுக்கென்றே ஒன்று: ஆன் ஜிஷுன் அமைத்த 'யாஸி பான்சுய்'. வாத்துகள் சண்டை போடுவது. ஒரு மெட்டு கிடையாது. பெரும்பாலும் ஜால்ரா, சேகண்டி வகைகள்தான். ஜால்ராவின் ஓரத்தைத் தட்டுவது, உரசுவது, மூடுவது என்று வாத்துக் குடும்பம் முழுவதும் வந்துபோகும். குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டச் சரியானது. சேகண்டிகளில் இன்னொரு வேடிக்கை: அடித்த பிறகு சின்னதின் ஸ்வரம் மேலே ஏறும், பெரியதின் ஸ்வரம் கீழே இறங்கும். பெய்ஜிங் நாடகத்திலிருந்து வந்த பழக்கம் இது.

நேரில் கேட்க

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது மிகச் சுலபம். சிங்கப்பூர் சீன ஆர்க்கெஸ்ட்ராவில் 80-க்கும் மேற்பட்ட கலைஞர்கள். மலாய், இந்திய இசைக் கலைஞர்களோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். நன்யாங் பாணி என்று தென்கிழக்காசிய மெட்டுகளை வைத்து எழுதிய உருப்படிகள் அவர்களுடைய தனிச் சொத்து. பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாகச் சீன ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது. மலேசியாவிலும் சீனப் பள்ளிகள் பலவற்றில் உண்டு. பள்ளி நிகழ்ச்சிகளை அலட்சியப்படுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

முதல் முறை போகிறவர்கள் முன்வரிசை டிக்கெட் வாங்காதீர்கள். மாடியின் முதல் சில வரிசைகள் நல்லது. நடு வரிசையில் மீட்டுகிறவர்களின் கைகள் தெரியும். நிகழ்ச்சி நிரலில் கன்செர்ட்டோ ஒன்று இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள். தனி வாத்தியம் ஒன்று முன்னால் இருந்தால் புதியவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒரு உருப்படியின் பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுவதில்லை. நடத்துநரின் கை கீழே இறங்கும்வரை காத்திருந்தால் சரி.

கையில் எடுத்துப் பார்க்க ஆசை வந்தால்

பெரும்பாலானவர்கள் எர்ஹுவைத்தான் கேட்பார்கள். நோட்டு படிப்பது நமக்குச் சிரமமில்லை. ஜியன்பு என்னும் எண் முறையில் ச ரி க ம ப த நி என்பதற்குப் பதில் 1 முதல் 7 வரை. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, நம் ஸ்வரக் குறிப்பில் இருப்பது போலவே. வேகத்துக்கு எண்ணின் அடியில் கோடு: ஒரு கோடு போட்டால் பாதி நேரம், இரண்டு போட்டால் கால். நீட்டிப்புக்குப் பக்கத்தில் சிறு கோடு. பாட்டின் தலையில் 1=D என்று இருந்தால் அந்த இடம் ஆதார ஷட்ஜம் என்று பொருள். தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராக்களில் மேற்கத்திய ஐந்து கோட்டு நோட்டுதான். கற்கும் காலத்தில் எண் முறையே போதும்.

முதல் மாதம் இடது கையை மறந்துவிட்டு வில்லை மட்டும் இழுங்கள். மயிர் இரண்டு தந்திக்கும் நடுவில் இருப்பதால், உள் தந்திக்கு விரலால் மயிரை உள்ளே இழுத்தும் வெளித் தந்திக்கு வெளியே தள்ளியும் வாசிக்கவேண்டும். இது கைக்கு வராமல் விரலை வைத்தால் பூனை கத்தும். வந்த பிறகு விரல் வைக்கும்போது, தந்தியைத் தண்டு வரை அழுத்தாதீர்கள், தொட்டால் போதும்.

வாங்கும்போது மலைப்பாம்புத் தோலா, செயற்கைச் சவ்வா என்று கேளுங்கள். மலைப்பாம்புத் தோல் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிபோகலாம். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவருவதாக இருந்தால் செயற்கைச் சவ்வு போட்டதே நிம்மதி. ஈரத்துக்குத் தளராது என்பது கூடுதல் லாபம். தோல் போட்டதுதான் வேண்டும் என்றால், வாசித்து முடித்ததும் குதிரைக்கு (தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சின்னத் துண்டு) மேலே, தந்திகளுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி வையுங்கள். தந்தியின் அழுத்தம் தோலில் இறங்காமல் பென்சில் தாங்கிக்கொள்ளும். கடற்கரை ஊர்களின் மழைக்காலத்தில் தோல் தளர்ந்து குரல் மந்தமாகும். அதற்காகத் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி இறுக்கிக்கொண்டே போனால் தந்திதான் அறும். காய்ந்த அறையில் பெட்டிக்குள் வைத்து ஓரிரு நாள் விட்டுவிட்டு, பிறகு சுருதி சேர்த்துப் பாருங்கள்.